பார்க்காமல் சொன்ன ஓம்

என் நேசன் அண்ணைக்கு,

உங்களோடு எனக்குக் கோபம். அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றக் கதை.

போன ஞாயிறு மார்த்தா சுவிஸிலிருந்து போன் எடுத்தாள். நாங்கள் வேலை செய்த பண்ணைக்காரரின் மகள், இப்போது அவள்தான் பண்ணையைப் பார்க்கிறாள். நீங்கள் விழுந்த அந்த மலைச்சரிவின் புல்லை இந்த ஆகஸ்டில் தானே வெட்டப் போகிறாளாம். வெட்டாமல் விட்டால் நீளப்புல் சாய்ந்து படுத்துவிடும், அதற்கு மேல் விழுகிற பனி நிற்காமல் வழுக்கி வீட்டுக்கே வந்துவிடும் என்றாள். கீழே நிற்க ஆள் இல்லை, என்னை வரச்சொல்லிக் கேட்டாள். லண்டனில், ரெய்னர்ஸ் லேன் கடையில் வெண்டிக்காய்ப் பெட்டியோடு நின்றபடி, யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அகதி முகாமிலிருந்து அவளுடைய தகப்பன் எங்களைக் கூட்டிப்போன முதல் கோடை ஞாபகம் இருக்கிறதா? மாடுகூட நிற்க முடியாத சரிவு. சொந்தப் புல்வெளி இல்லாத ஏழைகள் அந்தக் காலத்தில் அங்கேதான் ஏறினார்கள் என்று அவர் சொன்னார். ஊர் குறித்த நாள் விடிந்ததும் வீட்டுக்கு ஒருவர் ஏறலாம். எந்தத் துண்டில் யார் முதலில் அரிவாள் வைத்தாரோ, அந்த வருசம் அது அவருக்கு. காய்ந்த புல்லை மலையிலேயே குவித்து வைத்து, பனிக்காலத்தில் சறுக்குவண்டியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறக்குவார்களாம். புல்லுக்கட்டை இறக்க மலையிலிருந்து கீழே இழுத்துக் கட்டின கம்பி வந்தது பிறகுதான். சப்பாத்தில் இரும்பு முள்ளைக் கட்டிக்கொண்டே நீங்கள் சிரித்தீர்கள்.

"எடேய், காணி இல்லாதவனுக்கு மலையைக் குடுக்கிற சட்டமடா. இது எங்களுக்கெண்டே எழுதினது."

புல்லுக்கட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டால் கம்பி வழியே அது பாய்கிற வேகத்துக்கு ஆளைக் கொன்றுவிடும். அதனால் மேலே நிற்பவர் கத்த வேண்டும். கீழே நிற்பவர் விலகி, கம்பியைப் பார்த்து, பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் கட்டை விடக்கூடாது, தனியாக மலைக்கு ஏறவே கூடாது. நீங்கள் "வருது!" என்பீர்கள். நான் "ஓம்!" என்பேன். ஏழு கோடை அப்படிப் போனது.

பிறகு எனக்குக் கலியாணம், லண்டன். உங்களோடு யார் நிற்பது என்று கேட்டேன். "மார்த்தாவின்ர மனுசன் நிக்கிறான், நீ போ" என்றீர்கள்.

ஆகஸ்ட் வந்தால் மலையிலிருந்து போன் வரும். சுகம் விசாரிப்பு ஒன்றும் கிடையாது, ஒரேயடியாக "வருது!" நான் கடையில் நின்று "ஓம்!" என்று கத்துவேன். வைத்துவிடுவீர்கள். சாமான் வாங்க வந்த அக்கா ஒருவர், "ஆருக்குத் தம்பி இப்பிடிக் கத்துறீர்?" என்று கேட்டார். "அது ஒரு பகிடி அக்கா" என்றேன். பகிடி என்றுதான் நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது என்பதையும் ஒளிக்கவில்லை.

போன ஆகஸ்டில் நீங்கள் விழுந்த அன்றைக்கு மூன்று தரம் ஓம் சொன்னேன். நாலாவது போன் வரவில்லை. வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துப் பருப்பு மூட்டை இறக்கப் போய்விட்டேன்.

உங்கள் செத்தவீட்டில் மார்த்தா என்னிடம் வந்தாள். ஈரப்புல்லில் வழுக்கியிருக்கிறீர்கள், பின்னேரம்தான் கண்டெடுத்தோம் என்றாள். அவளுடைய புருசன் பிரிந்து போய் மூன்று வருசமாம். தனியாக ஏறாதே என்று அவள் சொல்லும் போதெல்லாம், "தம்பி கீழே நிற்கிறான், கூப்பிட்டால் பதில் சொல்வான்" என்றீர்களாம். யாரோ தமிழ்ப் பெடியன் வந்து போகிறான் என்று அவள் நினைத்திருக்கிறாள். என் முகத்தைப் பார்த்து, "தம்பி என்றது உங்களையா?" என்று கேட்டாள்.

"அவர் தன்ர விருப்பத்தில ஏறினவர். நீங்கள் ஏன் உங்களைப் போட்டு வதைக்கிறியள்?" என்கிறாள் என் மனைவி வசந்தி. அவளுக்கு அந்தச் சட்டம் தெரியாது. பதில் இல்லாவிட்டால் நீங்கள் கட்டை விட்டிருக்க மாட்டீர்கள். ஒரு நாள் நான் பேசாமல் இருந்திருந்தால் இறங்கி வந்திருப்பீர்களா? ஆளில்லை என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேனா? இரண்டாவது கேள்விக்கு ஆம் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல எனக்கு ஏலவில்லை. உங்களோடு கோபம் என்று தொடங்கினேன். உண்மையில் அது ஆரோடு என்று உங்களுக்குத் தெரியும்.

போன ஞாயிறு போனை வைக்க முன்னம் மார்த்தா ஒன்று சொன்னாள். அவளும் "வருது" என்றுதான் கத்துவாளாம், நீங்கள் பழக்கினதாம். சொல்லியும் காட்டினாள். அதற்குத்தான் ஓம் என்னாமல், யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன்.

ஆகஸ்டில் போகிறேன் அண்ணை. இந்த முழங்காலோடு மேலே ஏற ஏலாது, கீழே நிற்க ஏலும். அவள் கத்துவாள். நான் விலகி நின்று, கம்பியைப் பார்த்து, மேலே அவளையும் என் கண்ணால் கண்ட பிறகுதான் ஓம் சொல்வேன்.

கீழே நின்றிருக்க வேண்டிய உங்கள் தம்பி,
குகன்