இருநூற்று இருபத்தைந்து தவணை

திருச்செங்கோடு,
12.3.2026

அன்புள்ள மாமாவுக்கு,

பிரியா எழுதுவது. நானும் நம் பெண் வெண்ணிலாவும் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டுமென்று மலைக் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் கும்பிடுகிறேன்.

இந்தக் காலத்தில் எவளாவது புருசனுக்குக் கடிதம் எழுதுவாளா என்று சிரிக்காதீர்கள். போர் போடுகிற உங்கள் ரிக் வண்டி நிற்கிற சத்தீஸ்கர் காட்டில் சிக்னல் கிடைப்பதே ஞாயிற்றுக்கிழமை நாலு நிமிஷம். அதில் வீட்டுக் கடன் என்று வாயெடுத்தால், சீசன் முடியட்டும் பார்த்துக்கலாம் என்று வைத்துவிடுகிறீர்கள். மாதேஸ்வரன் லீவு முடிந்து நாளைக்கு உங்கள் வண்டிக்குத்தான் கிளம்புகிறான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். முழுசாகப் படியுங்கள்.

நான் வேலை பார்க்கிற கோழிப்பண்ணை ஆபீஸில் வரிக் கணக்குக்காக வட்டிச் சான்று கேட்டார்கள். கடன் கம்பெனிக்குப் போய் வாங்கினேன். அதில் மீதித் தவணை 225 என்று போட்டிருந்தது. தப்பாக அடித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். இருபது வருஷக் கடன், 240 தவணை, ஏழு வருஷம் ஒரு மாசம் தவறாமல் 84 கட்டியிருக்கிறோம். 156 தானே இருக்க வேண்டும்? கேட்டால், வட்டி எட்டரையிலிருந்து பத்துக்கு ஏறிவிட்டதாம், தவணைத் தொகையை ஏற்றாமல் மாசங்களை நீட்டிவிட்டார்களாம். கடிதம் அனுப்பியதாகச் சொல்கிறார்கள். பிரிக்காத கவர் எத்தனை அலமாரியில் கிடக்கிறதோ!

நமக்குப் புத்தி எங்கே போச்சு மாமா? ஊரெல்லாம் வட்டி ஏறியும் நமக்கு மட்டும் அதே இருபத்தோராயிரத்து எழுநூறு என்று மெச்சிக்கொண்டோம். அந்தக் கம்பெனியில் இருக்கிற உங்கள் பங்காளி குமாரசாமி அண்ணன்தான் தயவு பண்ணி ஏறாமல் பார்த்துக்கொள்கிறார் என்று தீபாவளிக்குத் தீபாவளி நாட்டுச் சேவல் கொண்டுபோய்க் கொடுத்தோமே! மூன்று சேவல்! அவரும் ஏன் எதற்கு என்று கேட்காமல் குழம்பு வைத்துச் சாப்பிட்டிருக்கிறார்.

நேராக அவரிடமே போய்ச் சண்டை பிடித்தேன். மனுசன் தாளை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு, நான் வசூல் பார்க்கிறவனுங்க அம்மிணி, இதெல்லாம் எனக்கே தெரியாதுங்க என்றார். மறுநாள் சாயந்திரம் தன் ஊட்டுக் கடன் தாளைத் தூக்கிக்கொண்டு நம் வாசலில் நிற்கிறார். அவருக்கு 260 தவணை மீதி! நீங்க வேற பேங்க்குக்கு மாத்துறதா இருந்தா நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன், எனக்கும் சேர்த்து விசாரிச்சுச் சொல்லுங்க சாமி என்றார். பங்காளி மனசு கோணுமே என்று நீங்கள் தயங்க வேண்டாம்.

அரசு வங்கியில் அனிதா என்று ஒரு பெண் இருக்கிறாள். எட்டு சதவீதத்துக்கு நம் கடனை எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, மாசத்துக்கு ஒரு வரியாகத் தவணை போடுகிற எக்செல் கணக்கை என் போனுக்கு அனுப்பிவைத்தாள். நாம் கட்டுகிற தொகையில் இப்போது பதினெட்டாயிரத்துக்கு மேல் வட்டிக்கே போகிறது. ஏழு வருஷத்தில் பதினெட்டு லட்சம் கட்டி, அசலில் குறைந்தது மூன்றே லட்சம். வட்டி பத்து என்ற இடத்தில் எட்டு என்று மாற்றினேன். மாமா, என் கண்ணெதிரே ஐம்பத்தைந்து வரிகள் காணாமல் போயின. அடேயப்பா! ஒரே ஒரு எண்ணைத்தான் மாற்றினேன்.

பிறகு டெபாசிட்டில் கிடக்கிற ஆறு லட்சத்தை நினைத்தேன். அதற்கு நமக்கு ஏழு சதவீதம் வட்டி வருகிறது, கடனுக்கு நாம் பத்து கட்டிக்கொண்டிருக்கிறோம். இது யார் செய்கிற கூத்து? அதில் நாலு லட்சத்தை அசலில் கழித்துப் பார்த்தேன். 122 தவணை என்று வந்தது. மூன்று தடவை போட்டேன், அதேதான். வெண்ணிலாவைக் கூப்பிட்டுப் போடச் சொன்னேன், அவளுக்கும் அதேதான் வந்தது. கோயிலில் நிற்கிற மாதிரி இரண்டு பேரும் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அந்த ஆறு லட்சத்தை உங்கள் சின்னண்ணன் வாங்குகிற புது ரிக்கில் பங்கு போடலாம் என்று சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் தொழிலை நான் குறை சொல்வேனா? போர் போட்டுத்தான் இந்த வீடு வந்தது. ஆனால் வண்டிப் பங்கில் எவ்வளவு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. கடன் குறைவது நிச்சயம். மீதி இரண்டு லட்சம் ஆபத்துக்கு இருக்கட்டும். மாசம் இரண்டாயிரம் வெண்ணிலா பேரில் மியூச்சுவல் ஃபண்டில் போடுகிறேன், அது என் சம்பளத்திலிருந்து. ஏறும் இறங்கும், தெரிந்துதான் போடுகிறேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பங்கு போட்டால் நீங்கள் அந்த வண்டியை விட்டு இறங்கவே மாட்டீர்கள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

கடன் தீர்ந்தால்தான் ஊரோடு வருவேன் என்று கிரகப்பிரவேசத்தன்று சொன்னீர்கள். 225 தவணை என்றால் உங்களுக்கு அறுபது வயசு. 122 என்றால் ஐம்பத்தொன்று. நடுவில் இருக்கிற எட்டு வருஷம் ஏழு மாசமும் உங்கள் ஒரு கையெழுத்தில் இருக்கிறது. நினைக்க நினைக்க மலைப்பாக இருக்கிறது மாமா.

வீடு இரண்டு பேர் பெயரிலும் இருப்பதால் அடமானப் பதிவுக்கு நீங்கள் நேரில் வந்தே ஆக வேண்டும். எல்லாச் செலவும் சேர்த்து இருபத்தெட்டாயிரம், கையில் வைத்திருக்கிறேன். வங்கி அனுமதி 31ஆம் தேதியோடு முடிகிறது. சீசனில் பத்து நாள் பேட்டாக் காசு போகும், தெரியும். போகட்டும்.

24ஆம் தேதிக்கு ராய்ப்பூரிலிருந்து ஈரோட்டுக்கு உங்கள் பேரில் டிக்கெட் போட்டு இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். பதிவு ஆபீஸில் பத்து நிமிஷ வேலைதான் என்றாள் அனிதா. நீங்கள் திரும்பிப் போவதற்கு மட்டும் நான் டிக்கெட் போடவில்லை.

பத்திரமாக வாங்க மாமா.

உங்கள்
பிரியா