பதினான்காம் கேள்விக்கு என் விடை

ஜூன் 3, செவ்வாய்

அக்கா மகள் ஷண்முகப்ரியா எம்.எஸ்ஸி. நர்சிங் படிக்கிறாள். ஆராய்ச்சியாம். நாங்கள் சர்க்கரைக்காரர்கள் செவ்வாய்தோறும் டோக்கனோடு தவமிருக்கும் அதே மயிலாப்பூர் ஆஸ்பத்திரியில், இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு முப்பது கேள்வி. பிறகு அவள் பாடம் நடத்துவாள். பிறகு அதே முப்பது கேள்வி. நர்சுகளும் தனியாக எழுதுகிறார்கள்.

எனக்கு மட்டும் அனுமதி இல்லை! பதினோரு வருடச் சர்க்கரை. என் ரத்தத்தைக் காய்ச்சினால் தி.நகர் முழுமைக்கும் லட்டு பிடிக்கலாம்.

"நீங்க மாத்திரைதானே மாமா, ஊசி இல்லையே. அதோட சொந்தக்காரங்களச் சேர்த்தா செல்லாது. தாளை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்க, போதும். யாருக்கும் காட்டாதீங்க."

சர்க்கரைச் சக்கரவர்த்தியான எனக்கு ஜெராக்ஸ் வேலை. ஒரு பிரதி கூடுதலாக எடுத்தேன். அரசாங்க ரகசியமா என்ன?

ஜூன் 4

என் கடையில் வியாபாரம் மந்தம். முப்பதுக்கும் விடை எழுதிவிட்டேன். நாற்பது நிமிடம். மருத்துவ உலகம் என்னை இழந்துவிட்டது.

ஜூன் 10, செவ்வாய்

பரீட்சை பத்து மணிக்கு. எட்டரைக்கே ஹாலில் இருபத்திரண்டு முகங்கள், தூக்குமேடைக்குப் போகிற மாதிரி.

கச்சேரி ரோடு ஜானு மாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "எழுபது வயசுல ஃபெயிலாயிட்டா ஆத்துல எப்படி முழிப்பேன்?"

ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வைத்திருக்கும் குலாம் முகம்மது என் தோளில் கை போட்டார். "நைனா, உனுக்குத் தெரிஞ்சா சொல்லேன். டாக்டர் காய்ச்சி எடுத்துடுவாரு."

கர்ணனிடம் கேட்டு யாராவது வெறுங்கையோடு போனதுண்டா? சொன்னேன். முப்பதையும். மாமி ஓ.பி. சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டார்; அந்தச் சீட்டு ஹால் முழுக்கக் கைமாறியது.

ஜூன் 11

ப்ரியா வந்தாள். உட்காரவில்லை.

"இருபத்திரண்டு பேரும் இருபத்தொன்பது மாமா. நர்சுங்களே சராசரி இருபத்தாறுதான்."

பெருமையில் மீசை ஒரு முழம் வளர்ந்தது. அவள் நிறுத்தவில்லை.

"அத்தனை பேரும் பதினாலாவது மட்டும் தப்பு. ஒரே தப்பு! இன்சுலினை ஃப்ரீஸர்ல வைக்கணுமாம். தாளையெல்லாம் நானே உக்காந்து நிரப்பிட்டேன்னு ஸ்ரீலக்ஷ்மி மேடம் நினைக்கிறாங்க. நிஜம்னு முடிவு பண்ணிட்டா ரெண்டு வருஷப் படிப்பு போச்சு."

ஸ்ரீலக்ஷ்மி அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி. அவர் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம்.

நான் என்ன செய்தேன்? காபி வேண்டுமா என்று கேட்டேன். தூ!

ஜூன் 12

மேடத்தின் அறைக்குப் போனேன். ப்ரியாவும் இருந்தாள். ஒப்புக்கொண்டேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "பத்தாங்கிளாஸ் பரீட்சையில பிட்டு பார்த்திருக்கேன் சார். சர்க்கரை வார்டுல இப்பதான் பார்க்கறேன். அந்த ஃப்ரீஸர் விடை யார் கொடுத்தது?"

"நானே யோசிச்சதுதான். குளிர்ச்சி நல்லதுன்னா ஐஸ் இன்னும் நல்லதுதானே..."

ப்ரியா கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. "தாளை வேற ஆளுங்ககிட்ட திரும்ப வாங்கிக்கலாம் மாமா. உறைஞ்சுபோன இன்சுலின் வேலை செய்யாது. நீங்க சொன்னதை நம்பி எத்தனை பேர் மேல தூக்கி வெச்சிருக்காங்களோ."

இது எனக்கு ஏன் தோன்றவில்லை? அவள் அங்கேயே போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தாள். போன் எடுக்காத வீடுகளுக்கு நான்.

ஜூன் 13

குலாம் பாய் பட்டறைச் சத்தத்துக்கு மேல் சிரித்தார். "பாஸாவறதுக்குக் கேட்டேன் நைனா. மருந்து கீழ் தட்டுலதான் கீது. உன் பேச்சைக் கேட்டு எவனாவது வூட்ல மாத்துவானா?"

வாழ்நாளில் இவ்வளவு இனிப்பான அவமானம் பட்டதில்லை.

ஜானு மாமி மாற்றியிருந்தார். மூன்று பாட்டில். கல். காலையில் அதில் ஒன்றை உருக வைத்துத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார். மூன்று நாளாக அப்படித்தான். நாக்கு வறண்டு, பேச்சு குழறியது.

"நீங்க சொன்னேளே, அதான்..."

ஆட்டோவில் ஆஸ்பத்திரி. சர்க்கரை நானூற்றுப் பன்னிரண்டு. படுக்க வைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். மாமியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே விட்டதும் என்னைப் பார்த்து மாமி கேட்ட முதல் கேள்வி: "நேக்கு எத்தனை மார்க்கு?"

ஜூன் 14

கூடுதலாக எடுத்த அந்தப் பிரதியைக் கிழித்துப் போட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

ப்ரியாவின் புதுப் பரீட்சை முடிந்தது. வேறு நோயாளிகள், வேறு நாள். அந்தப் பக்கம் நான் தலைவைத்தும் படுக்கவில்லை. சராசரி பதின்மூன்று. முப்பதுக்குப் பதின்மூன்று எடுத்த ஜனங்களை நினைத்து ஒரு பெண் இப்படிக் குதித்து இப்போதுதான் பார்க்கிறேன். நாளை முதல் பாடம் நடத்தி இதை ஏற்றிக் காட்டுவாளாம்.

மாமி போன் செய்தார். வீட்டில் நடமாடுகிறாராம். "ஒரு சந்தேகம். ஃபிரிட்ஜிலேர்ந்து எடுத்த உடனேயே குத்திக்கலாமோ, செத்த நாழி வெளியில வெக்கணுமோ?"

விடை நாக்கு நுனியில் வந்து நின்றது. ஆகா, எப்பேர்ப்பட்ட விடை!

"ப்ரியாவை உங்ககிட்ட பேசச் சொல்றேன் மாமி" என்று வைத்துவிட்டேன்.