நல்லம்மா அறைக்கு வராத வெந்நீர்

மாசி 16, வியாழன்

காலையில் பனி. கிணற்றுமேட்டில் கட்டியிருந்த மாடுகூடத் தெரியவில்லை. ஊர் முழுக்கக் காப்புக் கட்டியாயிற்று. என் கையிலும் மஞ்சள் கயிறு. புதன்கிழமை மாரியம்மனுக்கு முதல் மாவிளக்கு எப்போதும்போல என் தலையில்தான்.

நல்லம்மா புறவாசல் அறையில். மகள் வயிற்றுப் பேத்தி. தாயில்லாதவள், நான் வளர்த்தவள். பிறந்தது ஆண் குழந்தை. அழவில்லை. தென்னையடியில் வைத்தாயிற்று. இதற்கு மேல் எழுத வரவில்லை.

காப்புக் கட்டியவர்கள் பிள்ளைபெற்றவளைத் தொடக்கூடாது. தொட்டால் காப்பை அவிழ்க்க வேண்டும், கோயில் பக்கம் போகக்கூடாது. குளிக்க வைக்கிற மருத்துவச்சி காளியம்மாவோ காய்ச்சலில் கிடக்கிறாள். வெளியூர் ஆளை இப்போது ஊருக்குள் தங்க விடமாட்டார்கள். நேற்று நிலைப்படியில் வெந்நீர்க் குடம் வைத்தோம். அவளால் தூக்க முடியவில்லை. பாதி கொட்டிப் போயிற்று.

அதனால் மகன் முத்துசாமி பாய்லரிலிருந்து குழாய் போட்டான். ஏற்காட்டில் ஒரு துரை பங்களாவைக் காலி செய்தபோது ஏலத்தில் எடுத்த செப்புப் பாய்லர். இந்தப் பக்கம் வேறு யார் வீட்டிலும் கிடையாது. வந்தவர் போனவருக்கெல்லாம் நானே கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன். களத்து மூலையில் பாய்லர், சுவர் நெடுக இரும்புக் குழாய், அவள் குளிக்கிற தடுப்பில் ஒரு திருகு. தொடாமலே வெந்நீர். யோசனை என்னுடையது.

திருகினாள். வெளியில் நின்று கேட்டேன்.

"சூடா வருதா சாமி?"

"வருதுங்க அம்மாயி."

பொய். பல் அடித்துக்கொள்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

மாசி 17, வெள்ளி

விறகு ஈரம் என்று நினைத்தேன். காய்ந்த வேலமரக் கட்டையாகப் பார்த்துப் போட்டேன். பாய்லர் மூடி ஆடுகிறது. அவள் பக்கம் வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

பாய்லர் வயிற்றில் இங்கிலீஷில் ஏதோ அடித்த தகடு. என் ஐந்தாம் வகுப்புக்கு அதில் எண் மட்டும் தெரிந்தது.

வீட்டுக்காரர் கட்டிலில் இருந்தபடி, "தொரை குளிச்ச அண்டா. நம்ம ஊட்டுக்கு வந்த கோவத்துல இருக்குது போ." யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

வாங்க வேண்டியது: சுக்கு, பூண்டு, கருப்பட்டி. மாவிளக்குக்குப் பச்சரிசி.

சாயங்காலம் சோற்றை நிலைப்படியில் வைத்தபோது மெதுவாகச் சொன்னாள். "மாரு கல்லாட்டம் இருக்குதுங்க அம்மாயி." குடிக்கப் பிள்ளை இல்லை. பாலுக்கு அது எப்படித் தெரியும். பால் வற்ற வைத்துக் கட்ட மல்லிகை தேடினேன், இந்தப் பனிக்கு ஒரு மொட்டும் இல்லை.

மாசி 19, ஞாயிறு

காளியம்மா படுக்கையிலிருந்தே சொல்லி அனுப்பியிருக்கிறாள். பால் கட்டிப் பழுத்தால் சன்னி வரும், உயிருக்கே ஆபத்து, பொறுக்கிற மட்டும் சூடாகத் தண்ணீர் விட்டு நீவி எடுக்கணும் என்று. ஏற்கெனவே உடம்பு அனல். குளிர் வேறு.

நெருப்பை அணைத்து, ஆறவிட்டு, பாய்லரைத் திறந்தோம். உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்புப் படிவு, சுண்ணாம்பு பூசினதுபோல. எல்லாம் நம் கிணற்றுத் தண்ணீர். புளியும் சாம்பலும் போட்டு நானே உள்ளே கைவிட்டுச் சுரண்டினேன். நகம் போயிற்று. இதுதான் வினை, பிடித்துவிட்டேன் என்று முத்துசாமியிடம் பெருமையாகச் சொன்னேன்.

மறுபடி மூட்டினோம். சீக்கிரமே கொதித்தது. திருகச் சொன்னேன்.

"இப்ப?"

தண்ணீர் விழுகிற சத்தம். அதற்குள் மறுபடி பல் அடித்துக்கொள்கிற சத்தம்.

மாசி 20, திங்கள்

வெயில் ஏறியும் குளிர் விடவில்லை. குழாயை ஒரு கோடியிலிருந்து கையால் தடவிக்கொண்டே போனேன். பாய்லர் பக்கம் கை சுட்டது. சுவர் பாதியில் பொறுக்கிற சூடு. கதவுக்கு மேலே ஏறி இறங்குகிற இடத்தில் களகளவென்று காற்று. அதற்குப் பிறகு ஆறின கஞ்சி மாதிரி.

முத்துசாமி குழாயைத் தாழ்த்தி மாட்டினான். காற்றுச் சத்தம் நின்றது. நான் நெடுக வைக்கோல் பிரி சுற்றிச் சாணி மெழுகினேன். ஓரகத்தி மாவு இடிக்க வந்தவள் நின்று பார்த்தாள்.

"ஏனக்கா, குழாய்க்குக் குளுருதுங்களா?"

"உனக்கு வாய் குளுருதா?" என்றேன். போய்விட்டாள். நான் விளக்கு எடுக்காவிட்டால் அந்த உரிமை அடுத்து அவளுக்குத்தான். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கொஞ்சம் தேவலை. முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெதுவெதுப்பு, சற்றே சூடு வருவதற்குள் பாய்லர் காலி. குழாயில் இனி ஒரு குற்றமும் இல்லை. தூரம் அவ்வளவு. இரும்பு குடித்துவிட்டு மிச்சத்தைத்தான் அவளுக்குக் கொடுக்கிறது.

இரவு முனகல். சுவருக்கு இந்தப் பக்கம் நான்.

மாசி 21, செவ்வாய்

விடியலில் கூப்பிட்டேன். பேச்சு குழறுகிறது. பச்சரிசி ஊறவைத்த பாத்திரம் அப்படியே இருக்கிறது.

பாய்லர் அடித் திருகில் குடத்தைப் பிடித்தேன். ஆவி முகத்தில் அடித்தது. இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

முத்துசாமி ஓடிவந்தான். "அம்மா, கையில காப்பு!"

"அவுத்து உடு."

நின்றான். குடத்தை இறக்காமல் கையை நீட்டினேன். அவிழ்த்தான், அழுதுகொண்டே.

வீட்டுக்காரர் எழுந்து வந்து, "நாளைக்கு வெளக்கு?"

"உங்க தம்பி பொண்டாட்டிய எடுக்கச் சொல்லுங்க."

அவர் வழியை விட்டு விலகினார்.

உள்ளே போனேன். என்னைப் பார்த்ததும் சுவரோரம் ஒதுங்கினாள். "தொடாதீங்க அம்மாயி." அணைத்து மணையில் உட்கார வைத்தேன். எத்தனை இளைத்திருக்கிறாள். பச்சைத் தண்ணீர் விளாவி, கை பொறுக்கப் பார்த்து, தோளிலிருந்து ஊற்றினேன். நீவினேன். மறுபடி ஊற்றினேன்.

சூடு பட்டுப்பட்டு இளகிப் பால் தானாக வந்தது. ஊற்ற ஊற்ற வந்தது. தண்ணீரோடு சேர்ந்து வெளுப்பாக மணையடியில் ஓடிச் சாக்கடைத் துளையில் இறங்கிற்று. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"போதுமுங்க அம்மாயி" என்றாள்.

இன்னும் இருந்தது. ஊற்றினேன்.