பிரெஞ்சு அண்ணையின் இதழ்

என் ஆசை அப்பாவுக்கு,

முதலில் நல்ல செய்தி. உங்கள் ரோசாப்பூவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மா நேற்று வயிறாரச் சாப்பிட்டார்.

நீங்கள் இல்லாத முதல் வாணி விழா இது. மரமறுக்கும் உங்கள் வாளுக்கும் உளிக்கும் நீங்கள் வைப்பதுபோலவே அம்மா சந்தனப் பொட்டு வைத்தார். அதோடு நின்றிருக்கலாம். உங்கள் பிரெஞ்சு இழுப்பறைப் பெட்டகத்திலும், மரத்துண்டுகளை வெட்டிப் பதித்த பூவுக்குப் பூ, தாராளமாக அப்பிவிட்டார். விசயதசமியன்று துடைத்தபோது ரோசாவின் ஓர் இதழ் கிளம்பிக்கொண்டு நின்றது.

எசன் நகரில் நீங்கள் வேலை செய்த மரப்பட்டறை திருத்தவே முடியாதென்று ஒதுக்கிய பெட்டகம் அல்லவா அது? செய்தவர் யாரென்று எவருக்கும் தெரியாது. எத்தனையோ தலைமுறைக்கு முந்திய அந்த மனிதரை நீங்கள்தான் "பிரெஞ்சு அண்ணை" என்று உறவு கொண்டாடினீர்கள். ரோசாவில் விழுந்துபோயிருந்த இதழை நீங்களே வெட்டி, அம்மாவின் தாச்சியில் கச்சான் கடலை வறுப்பதுபோல் சுடுமணலில் ஓரத்தைக் கருக்கி ஒட்டினீர்கள். எது உங்களுடையது, எது அவருடையது என்று எங்களால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. அந்தப் பெருமையே இப்போது வினையாகிவிட்டது.

"கொப்பர் கடைசியாச் செய்த வேலையை நானே பழுதாக்கிப் போட்டன்," என்று அம்மா புலம்பிக்கொண்டே இருந்தார். சாப்பாடு இறங்கவில்லை. எனக்கும் பயம்தான் அப்பா.

பட்டறையில் நேரம் கேட்டு டெர்மின் எடுத்தேன். இப்போது அங்கே வேலை செய்யும் பெண் வீட்டுக்கு வந்து, இதழை மெல்லக் கழற்றி ஓரத்தைப் பார்த்துச் சிரித்தார். இது தடிப்பானது, கைவாளால் அறுத்த பழைய மரம் என்றார். பக்கத்தில் இருந்த மெல்லிய இதழை நகத்தால் தட்டி, அதுதான் உங்களுடையது என்றார். அது அசையவே இல்லை.

நான் தமிழில் சொன்னதும், "வடிவாக் கேட்டனியோ?" என்றார் அம்மா.

"ஓமம்மா. கழண்டது பிரெஞ்சு அண்ணையின்ர. அப்பாடது இறுக்கமா இருக்காம்."

"பாவம், அந்த மனுசனும்," என்று சொல்லிவிட்டு அம்மா அழுதார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அந்தப் பெண் பசையைச் சூடாக்கினார். ஈரத்தில் விட்டுப்போனாலும் சூட்டில் மறுபடி பிடிக்கும், அதனால்தான் பழைய ஆட்கள் மாட்டுத்தோல் பசையை வைத்தார்கள் என்றார். நானும் யோசிக்காமல் மொழிபெயர்த்துவிட்டேன்.

"மாட்டுத்தோலோ? கொப்பர் மரப்பிசின் எண்டல்லோ சொன்னவர்! அதுக்கு மேலயோ நான் சாமிப்படம் வச்சிருக்கிறன்?"

ஏனப்பா மறைத்தீர்கள்? இப்போது அம்மா உங்கள்மேல் கோபமாக இருக்கிறார். சாப்பிட்டுக்கொண்டே திட்டுகிறார். எனக்கு அது போதும்.

திட்டினாலும், போகும்போதும் வரும்போதும் உங்கள் இதழைத் தொட்டுவிட்டுத்தான் போகிறார். சந்தனம் அப்பாமல் இருந்திருந்தால் எதைத் தொடுவதென்று தெரிந்திருக்குமா?

அடுத்த வாணி விழாவுக்குப் பொட்டு பித்தளைப் பிடிகளுக்கு மட்டும்தான். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வேன். ஒரு பிடி உங்களுக்கு, மற்றது அண்ணைக்கு.

உங்கள் இதழை இப்போது கண்ணை மூடிக்கொண்டும் தொட்டுக் காட்டக்கூடிய,
உங்கள் மூத்த மகள்