எடைமேடையில் அறுபது கிலோ

அன்புள்ள அம்மாவுக்கு, தனேஸ்வரி எழுதுவது. நான் நலம். உங்கள் மூட்டு வலி குறைந்ததா? இங்கே போனுக்கு லைன் கிடைப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

பள்ளியும் இந்தச் செம்பனை ஆலையும் சேர்ந்து நடத்தும் பயிற்சியில், லோரிகளை நிறுக்கும் எடைமேடையில் எனக்கு வேலை. செவ்வாய் மதியம் மேடையில் ஒன்றுமே இல்லை. திரை அறுபது கிலோ காட்டியது. ரிப்பேர்காரர் வந்து பார்த்துப் பழுதில்லை என்றார். உடன் வேலை செய்யும் விமலா அக்கா எங்கள் அறைக் கதவைத் திறந்து மேடையைப் பார்த்து, "எறங்குங்கண்ணே, லோரி போயிருச்சுலா," என்றார். எண் பூஜ்யமானது.

"யாருக்கா?" என்றேன்.

"முன்ன இங்க அடிபட்டுச் செத்த கிளீனர். ஒண்ணும் செய்யமாட்டாரு."

ஓடி வந்துவிடலாம் போலிருந்தது. ஆனால் நான் பாதியில் நின்றால் அடுத்த வருடம் நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த இடம் கிடைக்காதாம்.

பயப்படாதீர்கள். நெத்திலிச் சம்பலும் உங்கள் போர்வையும் அனுப்புங்கள். புதுசு வேண்டாம், நீங்கள் போர்த்தியதே போதும்.

இன்று அக்கா லீவு. மறுபடியும் அறுபது. அக்கா சொன்னதையே சொன்னேன், அவர் இறங்கவில்லை. "நான் புதுசுண்ணே. தனேஸ்வரி, ஸ்கூல்ல அஞ்சாம் படிவம் படிக்கிறேன்," என்றேன். எண் மெல்லக் குறைந்தது.

நாளை முதல் வந்ததும் அவருக்கு வணக்கம் சொல்லிவிடுவேன். வெளியே ஹாரன் அடிக்கிறார்கள், முடிக்கிறேன்.

உங்கள் மகள்
தனேஸ்வரி