வாரத்துக்குக் கட்டம் இல்லாத கவர்

செப்டம்பர் 7, 2025

இந்த ஊரில் டாக்டர்கள் நோயாளியோடு பேசுவதில்லை. நேற்று அம்மா மூட்டு வீக்கத்துக்குத் தனியாகத்தான் போய் வந்தாள். வேங்கிக்கால் ஆபீசில் சனிக்கிழமையும் என்னை வரச் சொல்லிவிட்டார்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"மாத்திரய நிறுத்தாதன்னாரு. வேறென்ன, உக்கார வெச்சுக் கொஞ்சவா செய்வாரு?"

மணிவேல் அண்ணன் மெடிக்கலில் பௌர்ணமி கிரிவலக் கூட்டமாம். வலித் தைலம் கேட்டு நீண்ட கைகளுக்கு நடுவே, மாத்திரைக் கவரில் 'காலை' கட்டத்தில் பேனாவால் ஒரு கோடு. அவ்வளவுதான் விளக்கம். இன்று காலை ஒன்றைப் போட்டுக்கொண்டு இட்லிக்கடையைத் திறந்துவிட்டாள்.

செப்டம்பர் 14

அம்மாவுக்கு வாயெல்லாம் புண். "கார சட்னிய நானே ஜாஸ்தி தின்னுட்டேன்டி" என்று சிரிக்கிறாள். மாத்திரையை மட்டும் ஒரு காலையும் விடவில்லை.

செப்டம்பர் 17

காய்ச்சல். ஈறில் ரத்தம், தலையணையில் ரத்தம். மூட்டு வலிக்குப் போய் இது என்ன —

செப்டம்பர் 18

அரசு ஆஸ்பத்திரி. டியூட்டி டாக்டர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தினமுமா போட்டாங்க? இது வாரத்துக்கு ஒரு தடவ போடுற மாத்திரம்மா."

மருந்துச் சீட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறதாம். ஆங்கிலத்தில், கோழி கிளறிய மாதிரி. கவரில் காலை, மதியம், இரவு. வாரத்துக்குக் கட்டமே கிடையாது. கை பழக்கத்தில் காலையில் கோடு விழுந்துவிட்டது. சொன்னபடி கேட்ட நோயாளிக்கு இதுதான் தண்டனையா? ரத்த அணுக்கள் அடியோடு குறைந்துவிட்டன என்கிறார். அதை முறிக்கும் மருந்து ஏறுகிறது.

செப்டம்பர் 19

மணிவேல் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"சீட்டுலதான் போட்டிருக்கே. படிச்ச பொண்ணு, நீ பாக்கக் கூடாதா?"

படிச்ச பொண்ணு பாக்கணும்னா நீ எதுக்குய்யா கடைல ஒக்காந்திருக்கே? கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. அம்மா மட்டும் கண் திறக்கவில்லை.

அக்டோபர் 4

நாளை அம்மாவுக்குக் கருமாதி. மாமா சாமான் வாங்க அனுப்பினார். திரும்பும்போது மெடிக்கல் முன்னால் கால் நின்றுவிட்டது. ஒரு பெரியவர் கை நீட்டி நின்றார். கவரில் ஒரு கோடு, இன்னொரு கோடு. கவர் கை மாறியது. ஒரு வார்த்தை இல்லை.

"அண்ணே, எத எப்பப் போடணும்னு அவருக்கு வாயத் தொறந்து சொல்லுங்க."

மணிவேல் அண்ணன் என் தலைக்கு மேலாகப் பார்த்தார்.

"அடுத்து யாருப்பா?"

நான் வழியை விட்டு நகரவில்லை. "சொல்லுங்கண்ணே."