இன்னொருவர் கணக்கு

பிப்ரவரி 7, செவ்வாய்

இங்கிலாந்துக் கடலோரக் கிளீதார்ப்ஸில் காலையிலிருந்து ஒரே காற்று. தொழிற்சாலையில் உறைகிடங்குக் கதவு மறுபடியும் சிக்கிக்கொண்டது. அரை ஷிப்ட் முழுக்க நானும் என் ஃபோர்க்லிஃப்டும் மீன் பெட்டிகளோடு வெளியே நின்றோம். மேலாளர் பயல் வந்து பார்த்தான். "டெஸ், இதை யாராவது சரிபண்ணணும்" என்று சொல்லிவிட்டுப் போனான். பெரிய கண்டுபிடிப்பு.

செவ்வாய் என்பதால் மூன்று மணிக்கு எஸ்மியைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்தேன். பேத்திக்கு வயது ஐந்து, வாய்க்கு ஐம்பது. வழியெல்லாம் தன் டீச்சரின் சளியைப் பற்றியே பேசினாள். சிப்ஸ் கேட்டாள், வாங்கிக் கொடுத்தேன். கெம்மாவிடம் சொல்லாதே என்றேன். சொல்லிவிடுவாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மகள் கெம்மா இந்தப் பிள்ளையை என்னோடு தெருமுனை வரைகூட அனுப்பமாட்டாள். அப்போது நான் ஆன்லைன் கேசினோவில் கிடந்தேன். பிறகு ஒருநாள் என் மனைவி லின் பக்கத்தில் உட்கார, சூதாட்டத் தடைப் பதிவேட்டில் என் பெயரை நானே போட்டேன். ஐந்து வருஷத்துக்கு இந்த நாட்டில் எந்தக் கேசினோவும் என்னை உள்ளே விடாது. சம்பளம் லின் கைக்குப் போகிறது. வங்கிக் கணக்கை மாதாமாதம் கெம்மா பார்க்கிறாள். பேங்கிலிருந்து ரகசிய எண் வருவது என் பழைய செல்போனுக்குத்தான், அதனால் அது சமையலறை டிராயரில் பூட்டிக் கிடக்கிறது, சாவி லின்னிடம். என் கையில் இருப்பது பட்டன் போன். வெட்கமாகத்தான் இருந்தது. இப்போது பழகிவிட்டது. பேத்தியோடு செவ்வாய்க்கிழமை கிடைத்ததே.

பிப்ரவரி 11, சனி

லின் இரண்டு நாளாகப் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவுகிறாள். கேட்கச் சகிக்காத குரல். ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது.

பிப்ரவரி 19, ஞாயிறு

நடந்ததை எழுதிவிடுகிறேன். சூதாட்டத்தை விட முயல்கிறவர்களின் வியாழக்கிழமைக் கூட்டத்தில் நார்மன் கிழவர் எப்போதும் சொல்வார், வாயால் சொல்லமுடியாததை எழுது என்று.

மதியச் சாப்பாட்டுக்குக் கெம்மா வந்தாள். வாசலில் கிடந்த நேற்றைய தபாலை எடுத்துக்கொண்டே வந்தாள். அதில் செல்போன் கம்பெனியின் உறை ஒன்று, என் பெயருக்கு. எங்கள் கணக்கு வழக்கெல்லாம் அவள்தானே பார்க்கிறாள், அதனால் பிரித்தாள். என் பழைய நம்பருக்கான பில். அதில் வரிசையாக ஒரே கேசினோவின் பெயர். பணத்தைக் கார்டில் கட்டாமல் போன் பில்லில் ஏற்றிக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. அப்படிக் கட்டியிருக்கிறது.

கெம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பில்லை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

நான் இல்லை என்றேன்.

"போன தடவையும் இதையேதான்பா சொன்னீங்க. இதே நாற்காலியில உக்காந்துகிட்டு."

உண்மைதானே, சொன்னேன்தானே! அந்தப் போனை நான் தொடக்கூட இல்லை, சாவியே என்னிடம் இல்லை என்றேன். சாவி இருக்கும் இடம் தெரியாதவரா நீங்கள் என்று கேட்டாள். லின் பக்கம் திரும்பினேன், நீயாவது சொல்லேன் என்று. லின் குழம்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். என் கை மேல் தன் கையை வைத்துத் தட்டிக்கொடுத்தாள்.

"அவரைத் திட்டாதே கெம்மா. அது ஒரு வியாதி. நாம பாத்துக்கலாம்."

செவ்வாய்க்கிழமைக்கு வேறு ஏற்பாடு பண்ணிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கெம்மா போய்விட்டாள். சாப்பாடு அப்படியே இருந்தது.

பிப்ரவரி 20, திங்கள்

நான்தான் செய்தேனோ? தெரியாமல், தூக்கத்தில், ஏதோ ஒரு நேரத்தில்? சூதாடிக்குத் தன் புத்தி மேலேயே நம்பிக்கை கிடையாது. காலையில் ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்து நாள் நாளாக யோசித்துப் பார்த்தேன். இல்லை. நான் செய்யலை. செய்யவே இல்லை. ஆனா யார்கிட்ட போய்ச் சொல்றது?

பிப்ரவரி 23, வியாழன்

தேவாலய மண்டபத்தில் கூட்டம். பெரிய அறையில் எங்களைப் போன்ற சூதாடிகள், சின்ன அறையில் குடும்பத்தார். லின் இரண்டு வருஷமாகச் சின்ன அறையின் அரசி. புதிதாக வரும் மனைவிமாருக்குத் தேநீர் ஊற்றுவது, அழுதால் தோள் கொடுப்பது எல்லாம் அவள்தான்.

நான் ஆடவில்லை என்று எழுந்து நின்று சொன்னேன். பத்துப் பேரும் தரையைப் பார்த்தார்கள். நானும் மற்றவர் சொல்லும்போது அப்படித்தான் தரையைப் பார்த்திருக்கிறேன். நார்மன் மட்டும், "ஆடலைன்னா ரொம்ப நல்லது. ஆடியிருந்தாலும் அடுத்த வாரம் வா" என்றார். அந்த ஆளிடம் கோபித்துக்கொள்ளக்கூட முடியாது.

வெளியே வந்தால், சின்ன அறைப் பெண்கள் லின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். சாண்ட்ரா என்ற பெண் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, செருப்பில் ஒட்டியதைப் பார்ப்பது போல.

பிப்ரவரி 24, வெள்ளி

மதிய இடைவேளையில் அந்தக் கேசினோவுக்கே போன் போட்டேன். இது ஏன் முன்னாலேயே தோன்றவில்லை? பயம்தான். அந்தப் பெயரைச் சொன்னாலே எனக்கு வாய் உலரும்.

எய்லீன் என்று ஒரு பெண் எடுத்தாள், ஸ்காட்லாந்துப் பேச்சு. என் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் கேட்டாள். தட்டித் தட்டித் தேடினாள். என் பெயரில் கணக்கே இல்லை என்றாள். நான் தடைப் பதிவேட்டில் இருப்பதால் கணக்குத் திறக்கவே முடியாதாம். ஓட்டுநர் உரிமத்தைப் படம் எடுத்துக் காட்டி, கேமரா முன்னால் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, ஆள் இன்னார்தான் என்று உறுதியான பிறகுதான் யாரையும் ஆடவிடுவார்களாம்.

அப்படியென்றால் என் நம்பரில் எப்படிப் பணம் ஏறியது என்றேன். எண்ணைச் சொன்னேன். மறுபடியும் தட்டித் தேடினாள்.

"அது பத்தி நான் பேசமுடியாது சார். அது இன்னொருத்தர் கணக்கு."

நன்றி சொல்லி வைத்துவிட்டேன். எந்தத் தடைக்காக இரண்டு வருஷம் தலைகுனிந்தேனோ, அதுவே எனக்குச் சாட்சியாக வந்து நிற்கிறது. சிரிப்பு வந்தது. அப்புறம்தான் உறைத்தது. அந்த டிராயர்ச் சாவி வைத்திருக்கும் இன்னொருத்தர் யார்? உலகத்திலேயே ஒரே ஒருத்தர்.

பிப்ரவரி 25, சனி

லின் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேசினோக் கம்பெனியோடு பேசினேன் என்றேன். ஒரே துண்டை மூன்று தரம் மடித்தாள். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி முகம். அழவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

இலையுதிர் காலத்தில் தொடங்கினாளாம். தன் உரிமம், தன் முகம், தன் போன். எல்லாம் ஒழுங்காகத்தான். பணம் மட்டும் என் நம்பரில், டிராயரைத் திறந்து அந்தப் போனுக்கு வரும் ரகசிய எண்ணைப் பார்த்துப் போட்டு. வங்கியில் போனால் கெம்மா கண்ணில் படும், போன் பில்லை ரொக்கமாகக் கட்டிவிட்டால் யார் பார்க்கிறார்கள்? இந்த மாதத் தொடக்கத்தில் பெரிதாக ஜெயித்திருக்கிறாள். அதனால்தான் அந்தப் பாட்டு! அந்தப் பணத்தை எடுக்கப் போனபோது, கட்டின போன் நம்பர் உங்களுடையதா, பில்லைக் காட்டுங்கள் என்றார்களாம். பில்லின் நகலைத் தபாலில் கேட்டதே இவள்தான். பெயரை எப்படியாவது சமாளிக்கலாம் என்று நினைத்தாளாம். அது கெம்மா கையில் சிக்கியது.

ஏன் என்று கேட்டேன்.

"என்னைவிட உனக்கு அதுல அப்படி என்னதான் இருந்துச்சுன்னு பாக்கணும்னு தோணுச்சு. பாத்தேன். அப்புறம் விடமுடியல."

இதற்கு நான் என்ன சொல்ல? இந்த நோயை வீட்டுக்குள் கொண்டுவந்தவனே நான்தான். இதைப் பொறுத்துக்கொள்வேன், சத்தியமாகப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. மாட்டினால் என் தலையில்தான் விழும் என்று தெரியுமா என்றேன்.

துண்டையே பார்த்தாள்.

"தெரியாதுன்னு சொல்லமாட்டேன், டெஸ்."

பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் பண்ணினவளே பழியை ஊட்டிவிட்டாள், கையைத் தட்டிக்கொடுத்து! வியாதியாம். என் கை மேல கை வச்சு சொன்னாளே, பாவி. அந்தக் கையை இன்னைக்கு முழுக்கக் கழுவிகிட்டிருக்கேன்.

பிப்ரவரி 28, செவ்வாய்

மூன்று மணி. இப்போது பள்ளி விடும்.

மார்ச் 5, ஞாயிறு

நான் கெம்மாவிடம் சொல்லமாட்டேன், நீயே சொல் என்று லின்னிடம் சொல்லியிருந்தேன். நான் சொன்னால் சூதாடியின் பேச்சு. அவள் சொன்னால்தான் உண்மை.

இன்று கெம்மா வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். திரும்பி வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள். கெம்மா நம்பவில்லையாம். 'அப்பாவைக் காப்பாத்த நீ ஏம்மா இப்படிப் பொய் சொல்ற' என்று கட்டிப்பிடித்து அழுதாளாம்.

"நான் சொல்லிட்டேன் டெஸ். அவ நம்பலை. நான் என்ன பண்ண?"

என்ன பண்ணவா? அடித்துச் சொல்லியிருக்கலாம். கேசினோவைத் திறந்து காட்டியிருக்கலாம், அவள் முகத்தைத் தவிர வேறு எதற்கும் அது திறக்காது. ஒரு தரம் சொன்னாள், மகள் தியாகி என்றாள், தியாகியாகவே திரும்பி வந்துவிட்டாள். வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, ஊரெல்லாம் வேலிக்கு மாலை போடுகிறது.

மார்ச் 6, திங்கள்

இதையும் எழுதிவைக்கிறேன், இல்லாவிட்டால் பின்னால் நானே நம்பமாட்டேன்.

காலை உணவின்போது கேட்கிறாள். அந்த நம்பரைப் பயன்படுத்துவது என் மனைவிதான் என்று ஒரு வரி எழுதி நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அவள் ஜெயித்த பணத்தைக் கேசினோ கொடுத்துவிடுமாம். "அது வந்துட்டா எல்லாத்தையும் அடைச்சிட்டு அத்தோட நிறுத்திடலாம்" என்கிறாள்.

என் வசனம் அது. வார்த்தை மாறாமல் நான் இவளிடம் சொன்னது. பாதி டோஸ்ட்டோடு எழுந்து வேலைக்குப் போய்விட்டேன்.

மார்ச் 9, வியாழன்

கூட்டத்துக்குப் போகவில்லை. அவள் மட்டும் பிஸ்கட் டப்பாவோடு போனாள். எத்தனை நெஞ்சழுத்தம் பாருங்கள்!

மார்ச் 19, ஞாயிறு

இந்த நாட்டில் இன்று அன்னையர் தினம். கெம்மா மஞ்சள் டாஃபடில் பூக்களோடு வந்தாள். எஸ்மியைக் கூட்டிவரவில்லை. எனக்கு ஒரு வணக்கம், அவ்வளவுதான்.

லின்னைக் கட்டிக்கொண்டு பொறுமையில் உன்னைப் போல யார் இருக்கிறார்கள் என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். பிறகு கெம்மா குரலைத் தாழ்த்தவும் இல்லை, எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள்.

"போதும்மா. இவரை விட்டுட்டு எங்ககூட வந்துடு. மாடி ரூமைக் காலி பண்ணி வச்சிருக்கேன்."

போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். நல்ல அறை. கடல் தெரியும். புனிதவதி என்ற பெயரோடு போய்ப் படுத்துக்கொள்ளலாம். முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்த நான் இதோ, மகளுக்கு முன்னால், என் வீட்டிலேயே குற்றவாளியாக நிற்கிறேன். 

லின் பூவை மேசையில் வைத்தாள். தன் போனை எடுத்தாள். கேசினோவைத் திறந்து முகத்துக்கு நேராகப் பிடித்தாள். இடப்பக்கம் திரும்பினாள், வலப்பக்கம் திரும்பினாள். பழகின கழுத்து, கெம்மாவும் அதைப் பார்த்தாள். திரையில் 'வருக, லின்' என்று வந்தது. போனை மகளிடம் நீட்டினாள். கெம்மா நின்றுகொண்டே அம்மா ஆடின கணக்கை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள், போன இலையுதிர் காலம் வரைக்கும்.

"அப்பா திட்டு வாங்கும்போது நீ பக்கத்துல உக்காந்திருந்தியேம்மா" என்றாள். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜெயித்துவிட்டேன் என்று இருக்கவேண்டும் எனக்கு. இல்லை. லின் அந்தப் போனிலேயே தடைப் பதிவேட்டைத் திறந்து, தன் பெயரைப் போட்டாள். பக்கத்தில் உட்காருகிறாயா என்று கேட்டாள். நின்றுகொண்டிருந்தேன். உட்காரவில்லை. ஆனால் முடியும் வரை அங்கேயே நின்றேன்.

மார்ச் 21, செவ்வாய்

காலையில் என் பட்டன் போனில் கெம்மாவின் செய்தி: "மூணு மணி. மறந்துடாதீங்கப்பா." மன்னிப்பு என்ற சொல் இல்லை. அவள் என் மகள், வராது.

எஸ்மி என்னைக் கண்டதும் ஓடிவந்தாள். இத்தனை நாள் எங்கே போனாய் என்று கேட்கவில்லை, பல் ஆடுகிறது என்று காட்டினாள். பாட்டி வீட்டுக்குப் போகலாமா என்றாள். இன்றைக்கு வேண்டாம் என்றேன். கெம்மா அதற்கு இன்னும் ஒப்பவில்லை. குழந்தைக்கு என்ன சொல்வது?

மார்ச் 30, வியாழன்

இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். மண்டபத்தில் லின் பிஸ்கட் டப்பாவோடு சின்ன அறை வாசலுக்குப் போய், பழக்கதோஷத்தில் கதவைத் தொட்டுவிட்டு, கையை எடுத்துக்கொண்டாள். நார்மன் பெரிய அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளை உள்ளே விட்டார். கணவனும் மனைவியும் ஒரே அறையில் உட்காருவது இங்கே வழக்கமில்லை. டப்பாவை அவள் கையிலிருந்து நான் வாங்கிக்கொண்டேன்.

சின்ன அறையில் எல்லாரும் பெண்கள். சாண்ட்ரா கெட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"நீங்க அந்த ரூம்தானே? இங்க யாருக்காக வந்திருக்கீங்க?"

"என் மனைவிக்காக" என்றேன்.

அவள் எனக்குத் தேநீர் ஊற்றினாள், நாற்காலியை இழுத்துப் போட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் லின் தன் பெயரைச் சொல்வது கேட்டது. அடுத்த வாக்கியம் வரவில்லை அவளுக்கு. எழுந்து போகலாமா என்றிருந்தது. போகவில்லை, கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அவள் மறுபடி தொடங்கும் வரை காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.